தூசணம் இல்லாமல் ஏசலாமா?



ஏசாத மனுசர் உலகத்தில் இல்லை. கவ்வாத்துக் கத்தி கையை வெட்டினால், கொழுந்து நிறுக்கிற இடத்தில் இரண்டு கிலோவைக் கழித்தால், மழை நேரம் பார்த்துக் கூரைத் தகரம் பறந்தால் ஒருவர் வாயிலும் தேவாரம் வராது. ஆகவே "ஏசாதீர்கள், பொறுமையாக இருங்கள்" என்று உபதேசம் பண்ண இந்தக் கட்டுரையை நாங்கள் எழுதவில்லை. எதைச் சொல்லி ஏசுகிறோம், அது யார் தலையில் விழுகிறது, அதற்குப் பதிலாக நம்முடைய ஆக்கள் காலங்காலமாக என்னென்ன சொல்லி வந்திருக்கிறார்கள் என்றுதான் பார்க்கப் போகிறோம்.

திருகோணமலை நகரத்தில் இருந்து எழுதுகிறபடியால் இந்த விஷயத்தில் எங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. இங்கே பஸ் நிலையத்தில் பத்து நிமிஷம் நின்றால் நாலு விதமான தமிழ் காதில் விழும். நகரத்துத் தமிழ் ஒன்று. அதில் யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் கலந்து கிடக்கும். முஸ்லிம் சகோதரர்களின் தமிழ் ஒன்று. திருக்கடலூர்ப் பக்கம் வலை இழுக்கிறவர்களின் தமிழ் ஒன்று. கோணேசர் கோவிலுக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் வாகனம் பிடித்து வருகிற எங்கள் மலையகத் தமிழ் ஒன்று. இடையில் சிங்களமும் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஏச்சு உண்டு. ஒரு வீட்டில் செல்லப் பேச்சாக இருப்பது அடுத்த வீட்டுக் காதுக்குத் தூசணம்.

தோட்டத்தில் இருந்து வந்து இங்கே ஒரு கடையில் வேலை செய்த பொடியன் ஒருவன் இருந்தான். கூட்டாளியைத் தெருவில் கண்ட சந்தோஷத்தில், தாயைச் சேர்த்துச் சொல்லுகிற அந்த வழக்கமான வார்த்தையால் கூப்பிட்டு விட்டான். லயத்துப் பொடியன்மாருக்குள் அது "மச்சான்" என்பதற்குச் சமம். கடையில் நின்ற ஒரு அம்மா எடுத்த சாமானை வைத்து விட்டு இறங்கிப் போனார். அன்றைக்கே கணக்கு முடித்து அவனை அனுப்பி விட்டார்கள். நாங்கள் போய்க் கதைத்தும் சரிவரவில்லை. "நான் யாரையும் ஏசலியே சார்?" என்று அந்தப் பிள்ளை திரும்பத் திரும்பக் கேட்டது. உண்மைதான், அவன் ஒருவரையும் ஏசவில்லை. ஆனால் அந்த அம்மாவின் காதுக்குத் தாய் என்ற சொல்லும் அதோடு ஒட்டிய அசிங்கமும்தான் கேட்டது.

ஏச்சு வேறு, தூசணம் வேறு. ஏச்சு கோபத்தைக் காட்டும். தூசணம், கோபத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரை நடுவில் இழுத்து அடிக்கும். மாடு வேலி பாய்ந்ததற்கு மாட்டுக்காரனின் தாய் என்ன செய்வாள்? நம்முடைய பாஷையில் உள்ள மோசமான வார்த்தைகளை மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலானவை தாயையும் அக்கா தங்கச்சியையும் சொல்லும். மிச்சத்தில் பாதி சாதியைச் சொல்லும். ஏச்சு வாங்குகிறவன் ஆம்பிளை, அடி வாங்குகிறது பொம்பிளை.

இதற்கு மாற்று வழி தேடுவது புதிய விஷயம் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில் இதற்கு இலக்கணமே இருக்கிறது. தகுதி வழக்கு என்று பெயர். பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சபையில் சொல்லக் கூசுகிறதை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். மலங்கழுவி வந்ததைக் கால் கழுவி வந்தேன் என்கிறோமே, அது. கெட்ட சகுனமான சொல்லை விட்டு நல்ல சொல்லால் சொல்வது மங்கலம். செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பதும், கறுப்பு ஆட்டை வெள்ளாடு என்பதும் அந்த வகை. மூன்றாவது குழூஉக்குறி, அதாவது ஒரு தொழில் செய்கிறவர்கள் தங்களுக்குள் வைத்துக் கொள்ளும் பெயர். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பார்களாம். வேடர் கள்ளுக்கு வைத்த பெயர் சொல்விளம்பி. உள்ளே போனதும் வாயில் உள்ளதை எல்லாம் வெளியே கொட்ட வைக்கிறது என்று அர்த்தம். தவறணை வாசலில் சனிக்கிழமை சாயந்தரம் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நன்னூலைப் படிக்காதவர்களும் இதை எல்லாம் தினமும் செய்கிறார்கள். வீட்டை விட்டு இறங்கும்போது "போறேன்" என்று ஒருவரும் சொல்லுவதில்லை, "போயிட்டு வாறேன்" என்றுதான் சொல்லுவோம். கொத்தினால் உயிர் போகிற பாம்புக்கு நல்ல பாம்பு என்று பெயர். விளக்கை அணைக்கச் சொல்ல மாட்டார்கள், இந்தப் பக்கத்தில் "நூர்த்து விடு" என்பார்கள், நம்முடைய பெரியவர்கள் "அமத்து" என்பார்கள். அம்மை போட்டால் "அம்மாள் வந்திருக்கிறா" என்று மரியாதையாகச் சொல்லுவோம். திருகோணமலையில் ஒரு பெண் "முழுகாமல் இருக்கிறா" என்றால் ஒரு கிழமையாகக் குளிக்கவில்லை என்று நினைத்து விடாதீர்கள், பிள்ளை உண்டாகி இருக்கிறா என்று அர்த்தம். "மோசம் போயிட்டார்" என்றால் ஏமாந்து போனார் என்று எடுக்கக் கூடாது, ஆள் காலமாகி விட்டார். முஸ்லிம் வீட்டில் "மௌத்தாகிட்டார்" என்பார்கள். இது தெரியாமல் மரண வீட்டில் போய் "யாரு மோசம் பண்ணினாங்க?" என்று கேட்டவர்களும் உண்டு.

இந்த நல்ல சொற்களுக்கு ஒரு குறை இருக்கிறது. அவை தேய்ந்து போகும். கக்கூசு என்ற சொல் ஒல்லாந்தர் பாஷையில் இருந்து வந்தது. திருகோணமலைக் கோட்டையையும் ஒரு காலம் பிடித்து வைத்திருந்த அதே ஒல்லாந்தர்தான். அந்நியச் சொல்லாக இருந்தபடியால் முதலில் அதில் நாற்றம் தெரியவில்லை. பாவித்துப் பாவித்து அதுவும் கூசுகிற சொல்லாகி, பிறகு மலசலகூடம் வந்தது, லெட்ரின் வந்தது, இப்போது பாத்ரூம் என்கிறோம். இன்னும் கொஞ்சக் காலத்தில் அதற்கும் வேறு பெயர் தேட வேண்டி வரும்.

சரி, ஏச்சுக்கு வருவோம். நம்முடைய பாட்டிமார் பாவித்த ஏச்சுகளில் தூசணம் குறைவு, சாபம் கூட. "பேதியில போறவனே", "கொள்ளையில போக", "கட்டையில போறவனே", "எடுபட்ட பயலே" இவையெல்லாம் சாவைச் சொல்லுகிற ஏச்சுகள். பேதி என்பது வாந்திபேதி. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளைக்கும் கண்டிக்கும் காட்டு வழியே நடந்து வந்த நம்முடைய முன்னோர்களில் எத்தனையோ பேரை வாந்திபேதியும் அம்மையும்தான் வழியிலேயே கொண்டு போயின. அந்தப் பயம் வார்த்தையாகி வாயில் நின்று விட்டது. யாழ்ப்பாணத்து ஆக்களும் இந்தப் பக்கத்து ஆக்களும் சொல்லுகிற "கோதாரி"யும் அதே இனம். கொள்ளை நோயின் பெயர் அது. இன்றைக்குச் சாவி தொலைந்தாலும் கோதாரி, பஸ் தவறினாலும் கோதாரி, பிள்ளை பாலைக் கொட்டினாலும் கோதாரிதான். நோய் போய்ச் சத்தம் மட்டும் மிஞ்சி இருக்கிறது. முஸ்லிம் தாய்மார் அதே இடத்தில் "என்ன முசீபத்து" என்பார்கள். துன்பம் என்று பொருள்படும் அரபுச் சொல்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது "நாசமறுவான்". கேட்டால் பெரிய சாபம் போல இருக்கும். பிரித்துப் பாருங்கள்: நாசம், அறுவான். நாசம் அற்றுப் போகிறவன், கேடு வராதவன் என்று அர்த்தம் வருகிறது. வாய் நிறைய ஏசின மாதிரியும் ஆச்சு, பிள்ளைக்கு ஒரு பழுதும் வராத மாதிரியும் ஆச்சு. நமது தோட்டங்களிலும் இப்படிக் கெட்டிக்காரப் பாட்டிமார் இருக்கிறார்கள். ஒருவர் பேரனைத் துரத்திக் கொண்டு "கட்டையில…" என்று தொடங்குவார், மூச்சு வாங்கி "…கட்டில்ல போய்ப் படுறா ராசா" என்று முடிப்பார்.

வெள்ளைக்காரரும் இதே வித்தையைத்தான் செய்தார்கள். கடவுள் பெயரை வீணாகச் சொல்லக் கூடாது என்பது அவர்கள் வேதத்தில் உள்ள கட்டளை. ஆகவே "காட்" என்று தொடங்கி வாயைத் திருப்பி "கோஷ்" ஆக்கினார்கள். "கடவுள் என் கண்ணைக் குருடாக்கட்டும்" என்கிற சத்தியம் தேய்ந்து "பிளைமி" ஆனது. 1957 வரைக்கும் பிரிட்டிஷ் கடற்படை இந்தத் துறைமுகத்தில் இருந்தது. அவர்கள் போட்ட "பிளடி", "ராஸ்கல்" எல்லாம் தோட்டத்துத் துரைமார் வாய் வழியாகவும் நமக்கு வந்து சேர்ந்தன. 1914இல் லண்டனில் பெர்னாட் ஷாவின் நாடகம் ஒன்றில் ஒரு பெண் பாத்திரம் "பிளடி" என்று மேடையில் சொன்னதற்கு ஊரே அமளிப்பட்டது. இன்றைக்கு அதை ஒருவரும் கணக்கெடுப்பதில்லை. நம்முடைய "ஐயோ" கூட 2016இல் ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதிக்குள் போய் விட்டது. நமது வீடுகளில் என்னவென்றால் "ஐயோ" என்பது எமனுடைய பெண்சாதி பெயர், அதைச் சொல்லாதே, "அம்மா" என்று சொல்லு என்று பிள்ளைகளுக்கு அடி விழும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் உள்ளுக்குள் தூசணம். கூலி என்பது உழைப்புக்குக் கிடைக்கிற காசு, நல்ல சொல். அதையே ஆளுக்குப் பெயராக்கித் துரைமார் கணக்குப் புத்தகத்தில் எழுதினபோது அது ஏச்சாகி விட்டது. "கள்ளத்தோணி", "தோட்டக்காட்டான்" என்பதில் கெட்ட வார்த்தை என்று ஒன்றும் இல்லை. தோணி, தோட்டம், காடு எல்லாம் நல்ல சொற்கள்தான். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்களின் மிச்சப் பிரச்சினையையும் தீர்க்க 2003ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. ஆனால் அந்த வார்த்தைகள் சில வாய்களில் இன்னும் இருக்கின்றன. தாயைச் சொல்லி ஏசுவதை விட இவை குறைந்தவை என்று எங்களுக்குத் தோன்றவில்லை. இந்தச் சொற்களுக்கு மெல்லிய மாற்றுச் சொல் தேட வேண்டியதும் இல்லை. மலையகத் தமிழர் என்ற பெயர் இருக்கிறது.

"சார், நோகிற நேரம் நல்ல வார்த்தை வருமா?" என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானது. இங்கிலாந்தில் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் என்பவர் இதைப் பரிசோதித்துப் பார்த்தார். 2009இல் வெளியான ஆராய்ச்சி. ஆட்களின் கையை ஐஸ் தண்ணீரில் வைக்கச் சொல்லி, ஒரு தடவை கெட்ட வார்த்தை சொல்லவும், ஒரு தடவை சாதாரண வார்த்தை சொல்லவும் விட்டார். கெட்ட வார்த்தை சொன்னபோது கூட நேரம் தாங்கினார்கள். 2020இல் "ஃபவுச்", "ட்விஸ்பைப்" என்று இரண்டு பொய் வார்த்தைகளை உண்டாக்கிக் கொடுத்தும் பார்த்தார்கள். ஆட்களுக்குச் சிரிப்பு வந்தது, நோ குறையவில்லை. ஆக, மாற்று வார்த்தை நோவுக்கு மருந்தாகாது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் 2011இல் வந்த இன்னொரு முடிவையும் கேளுங்கள். நாள் முழுக்கத் தூசணம் பேசுகிறவர்களுக்கு அந்தச் சுகமும் குறைவாகத்தான் கிடைத்தது. பெரட்டுக் கலைகிறதற்குள் இருபது தரம் சொல்லி முடித்தவனுக்கு, பின்னேரம் கத்தி வெட்டுகிற நேரம் கையில் ஒன்றும் மிச்சம் இல்லை. சேமிப்புப் புத்தகம் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

நோவுக்கு ஆகாவிட்டாலும் கோபத்துக்கு மாற்று வார்த்தை நன்றாக ஆகும். தமிழ்நாட்டில் பெரியார் மேடையில் கோபம் வந்தால் "வெங்காயம்" என்பார். உரிக்க உரிக்க உள்ளே ஒன்றும் இல்லாதது என்று அர்த்தம். ஒருவர் தாயும் அதில் இல்லை, சாதியும் இல்லை. "எருமை" நல்ல பழைய ஏச்சு. நன்னூலிலேயே கடைசித் தர மாணாக்கருக்கு எருமையை உவமை சொல்லி இருக்கிறது. "பன்னாடை"யும் அப்படியே. தென்னையில் இருக்கிற வலை மாதிரி நாரால் கள்ளை வடிப்பார்கள், நல்லது கீழே ஓடி விடும், குப்பையைத்தான் அது பிடித்து வைத்திருக்கும். புத்தி சொன்னதை விட்டு விட்டுக் குற்றத்தை மட்டும் பிடித்துக் கொள்கிறவனை இதை விட என்ன சொல்லி ஏசுவது? கரைவலை இழுக்கிறவர்களைப் பாருங்கள். பாரம் ஏற ஏற "ஏலேலோ" என்று அம்பா பாடி இழுப்பார்கள். அர்த்தம் இல்லாத சத்தம்தான், ஆனால் மூச்சும் பலமும் அதில் வெளியே வந்து விடுகிறது.

ஒன்றைக் கவனிக்க வேணும். "கரகாட்டக்காரன்" (1989) வந்த காலத்தில் இருந்து கவுண்டமணி செந்திலை ஏசுகிற பாணி நமது பிள்ளைகளுக்குப் பாடமாக இருக்கிறது. தூசணம் இல்லாத ஏச்சு, சிரிப்பும் வரும், நாங்களும் சிரித்தவர்கள்தான். ஆனால் மண்டையையும் நிறத்தையும் உடம்பையும் சொல்லி ஏசுவதை வகுப்பில் ஒரு பிள்ளை மேல் தினமும் போட்டால், அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வராமல் நின்று விடும். அப்படி நின்ற பிள்ளைகளை நாங்கள் வீடு வீடாகப் போய்க் கூட்டி வந்திருக்கிறோம். "விசரன்", "லூசு" என்பதும் வருத்தத்தில் கிடக்கிற ஒருவரின் பெயரைத்தான் எடுக்கிறது. ஏசுவதானால் அவன் செய்த வேலையைச் சொல்லி ஏசலாம், பிறந்த உடம்பைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, மறைத்துச் சொல்லக் கூடாத இடங்கள். பெண்களுடைய வருத்தங்களில் மறைத்துச் சொல்வது ஆபத்து. "உடம்பு சரியில்ல", "வயித்து வலி", "வீட்டுக்குத் தூரம்" என்று பொதுவாகச் சொன்னால் டொக்டர் வயிற்று வலிக்குத்தான் மருந்து தருவார். வெள்ளைபடுகிறது, இடையில் இரத்தம் போகிறது என்றால் அதை அப்படியே மிட்வைப் அம்மாவிடம் சொல்லுங்கள். அவர் தினமும் கேட்கிற பேச்சு அது, முகம் சுளிக்க மாட்டார். 35 வயதானவர்களுக்குச் சுகவனிதையர் கிளினிக்கில் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள். பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டுப் போகாமல் இருக்க வேண்டாம்.

ஒரு பிள்ளைக்கு யாராவது கொடுமை செய்தால் "கெட்டுப் போயிட்டா" என்கிறோமே, அதையும் விட வேணும். கெட்டது அந்தப் பிள்ளை இல்லை. செய்தவன் பெயரே அந்தச் சொல்லில் இல்லாமல் மறைந்து விடுகிறது.

கொழுந்து மடுவத்திலும் மலையிலும் பெண்கள் கேட்க வேண்டி வருகிற பேச்சைப் பற்றி எமக்குக் கடிதங்கள் வருகின்றன. "கெட்ட வார்த்தை பேசினார்" என்று மட்டும் எழுதி இருக்கும். 1995ஆம் ஆண்டு 22ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவின்படி, கையால் தொடாமல் வார்த்தையாலேயே பாலியல் தொந்தரவு கொடுப்பதும் குற்றம். ஐந்து வருஷம் வரை சிறைத் தண்டனை கொடுக்கலாம், நட்டஈடும் கட்ட வைக்கலாம். வேலைத்தலத்தில் மேலே உள்ளவர் செய்தாலும் அது பொருந்தும். ஆனால் "கெட்ட வார்த்தை" என்று எழுதினால் அது எருமையா, பன்னாடையா, வேறு ஏதுமா என்று விசாரிக்கிறவருக்கு விளங்காது. முறைப்பாட்டில் சொன்ன வார்த்தையை அப்படியே எழுத வேணும். எந்த நாள், எத்தனை மணி, பக்கத்தில் யார் நின்றது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எழுதக் கை கூசினால் உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் ஒரு பெண் துணையோடு வாருங்கள், நீங்கள் சொல்லச் சொல்ல எழுதித் தருவோம். நேரே பேச விரும்புகிறவர்கள் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்குத் தொலைபேசி எடுக்கலாம். பிள்ளைகள் சம்பந்தமான முறைப்பாடு என்றால் 1929.